அரை டம்ளர் காபிக்காக ஆபரேஷனைத் தள்ளிப்போடலாமா?

ஆபரேஷன் தியேட்டரில் நோயாளியின் தலைமாட்டில் நிற்பவள் நான். அறுவை செய்தவரின் பெயரை ஆயுசுக்கும் மறக்காதவர்கள்கூட, மயக்கம் கொடுத்தது யார் என்று கேட்டால் 'மாஸ்க் போட்ட ஒரு அம்மா' என்பார்கள். உள்ளே எல்லோருமே மாஸ்க்தான், சரி, போகட்டும். மயக்க மருந்து பற்றிக் கேட்கலாம் என்று சென்ற இதழில் அறிவித்தோம். வந்த கடிதங்களில் பாதி கோபக் கடிதங்கள். அதில் ஒன்றிலிருந்தே தொடங்குகிறேன்.

என் மனைவிக்குப் பித்தப்பைக் கல் ஆபரேஷன். காலை எட்டு மணிக்கு நேரம் குறித்திருந்தார்கள். தலைவலி தாங்காமல் ஆறரை மணிக்கு அரை டம்ளர் பால் காபி குடித்துவிட்டாள். கேட்டபோது மறைக்காமல் சொன்னாள். உடனே மயக்க டாக்டர் 'இன்றைக்கு வேண்டாம்' என்று திருப்பி அனுப்பிவிட்டார். லீவு போட்டு வந்தவன் நான். அரை டம்ளருக்கு இவ்வளவா? — ஒரு கணவர்

உங்கள் மனைவி மறைக்காமல் சொன்னார் பாருங்கள், அதற்கு அவருக்குக் கைகொடுக்க வேண்டும். பலர் சொல்வதில்லை.

விழித்திருக்கும்போது ஒரு வாய்த் தண்ணீர் தப்பான பாதையில் போனாலே நமக்குப் புரையேறுகிறது. இருமி, கண்ணில் நீர் வந்து, எப்படியோ வெளியே தள்ளிவிடுகிறோம். மயக்கத்தில் அந்த இருமல் கிடையாது. வயிற்றில் இருப்பது மேலே ஏறினால் தடுப்பார் இல்லாமல் நுரையீரலுக்குப் போய்விடும். வயிற்று அமிலம் அங்கே போனால் நுரையீரல் வெந்துபோகும். 1946 இல் அமெரிக்க மகப்பேறு மருத்துவர் கர்ட்டிஸ் மெண்டல்சன், பிரசவத்துக்கு மயக்கம் கொடுக்கப்பட்ட பெண்களிடம் இதைப் பார்த்து விரிவாக எழுதினார். அவர் பெயரிலேயே அந்தச் சிக்கல் இன்றும் அறியப்படுகிறது.

இப்போது நாங்கள் வைத்திருக்கும் கணக்கு இது: தண்ணீர், பால் சேர்க்காத காபி, டீ என்றால் 2 மணி நேரம். தாய்ப்பால் 4. மாட்டுப்பால், லேசான உணவு 6. எண்ணெயும் கொழுப்புமான சாப்பாடு 8. பால் ஏன் தண்ணீர்க் கணக்கில் வரவில்லை என்றால், வயிற்று அமிலம் பட்டதும் அது திரிந்து கட்டியாகிறது, கிட்டத்தட்ட திட உணவுதான். கறுப்புக் காபியாக இருந்திருந்தால் எட்டரைக்கே ஆரம்பித்திருக்கலாம். பால் சேர்ந்ததால் பன்னிரண்டரை ஆகிறது. மதியத்துக்கு மாற்றித் தந்திருக்கக்கூடாதா என்று நீங்கள் கேட்டிருந்தால் அது நியாயமான கேள்வி. பட்டியலில் இடமிருந்தால் பெரும்பாலும் செய்வோம்.

இதிலேயே எங்கள் தரப்புக் குறை ஒன்றும் உண்டு. 'ராத்திரி பத்து மணிக்கு மேல் பச்சைத் தண்ணீர் பல்லில் படக்கூடாது' என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லி அனுப்புவது இன்னும் பல இடங்களில் நடக்கிறது. மதியம் இரண்டு மணி ஆபரேஷனுக்கு அப்படி வறண்டு கிடக்கத் தேவையே இல்லை. உங்கள் மனைவிக்கு வந்த தலைவலிகூட அதனால் இருக்கலாம். 'தண்ணீர் எத்தனை மணி வரை குடிக்கலாம்?' என்று தனியாகக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

'குடல் ஓட்டையாகி வருபவருக்குச் சாப்பிட்ட வயிற்றிலேயே மயக்கம் கொடுக்கிறீர்களே' என்று இன்னொரு வாசகர் மடக்கியிருக்கிறார். கொடுக்கிறோம். அங்கே காத்திருந்தால் ஆள் போய்விடுவார். அதனால் வயிறு நிறைந்திருக்கிறது என்றே வைத்துக்கொண்டு, அதற்கென்று உள்ள வேகமான முறையில் மருந்தைச் செலுத்திய கையோடு மூச்சுக்குழாயில் டியூபைப் போட்டு அடைக்கிறோம். ஆபத்து அங்கேயும் இருக்கிறது. ஆனால் காத்திருப்பதன் ஆபத்து அதைவிடப் பெரிது. பித்தப்பைக் கல் ஒரு நாள் பொறுக்கும்.

உடல் எடைக்கோ சர்க்கரைக்கோ செமாக்ளூட்டைட் போன்ற வார ஊசி போடுகிறவர்கள் அதைக் கட்டாயம் முன்கூட்டியே சொல்லுங்கள். இரைப்பை காலியாவதை அது தாமதப்படுத்தும். எட்டு மணி நேரம் பட்டினி இருந்தும் வயிற்றில் சாப்பாடு அப்படியே கிடக்கலாம். டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் மாத்திரை எடுப்பவர்களும் சொல்ல வேண்டும். வழக்கமாக 3 நாள் முன்பே நிறுத்தச் சொல்வோம். இல்லாவிட்டால் சர்க்கரை அளவு சாதாரணமாகத் தெரியும்போதே ரத்தத்தில் அமிலம் ஏறிவிடலாம்.

என் பெரியப்பா பல வருடங்களுக்கு முன் ஒரு சின்ன ஆபரேஷனில் மேஜையிலேயே இறந்துவிட்டார். 'காய்ச்சல் தாறுமாறாக ஏறிடுச்சு' என்று மட்டும் வீட்டில் பேசிக்கொள்வார்கள். இப்போது எனக்கு மூக்குத் தண்டு ஆபரேஷன். இந்தப் பழங்கதையைச் சொன்னால் டாக்டர் சிரிப்பாரோ? — கல்லூரி மாணவர்

சிரித்தால் டாக்டரை மாற்றுங்கள் தம்பி.

1960 இல் ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் உங்களைப் போன்ற ஒரு மாணவர், வயது 21, கால் எலும்பு முறிந்து வந்தார். காலைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை, மயக்க மருந்தை நினைத்துத்தான் நடுங்கினார். ஈதர் மயக்கத்தில் அவருடைய உறவினர்கள் 10 பேர் இறந்திருந்தார்கள். ஈதர் வேண்டாம் என்று, அப்போது புதிதாக வந்திருந்த ஹாலோதேன் கொடுத்தார்கள். சிறிது நேரத்தில் ரத்த அழுத்தம் விழுந்தது, நாடி பறந்தது, உடம்பு கொதித்தது. மயக்கத்தை நிறுத்தி, குளிர்வித்து, பிழைக்க வைத்தார்கள். மைக்கேல் டென்பரோவும் ரோஜர் லவலும் அதை 'லான்செட்' மருத்துவ இதழுக்கு எழுதி அனுப்பினார்கள். 'மேலிக்னன்ட் ஹைப்பர்தெர்மியா' என்ற பரம்பரைக் கோளாறு வெளிச்சத்துக்கு வந்தது அப்படித்தான். அதாவது, ஒரு பையன் தன் குடும்பக் கதையைச் சொன்னதால்.

நடப்பது இதுதான். தசை செல்லுக்குள் கால்சியத்தைத் திறந்து மூடும் ஒரு கதவு இவர்களுக்குப் பிறவியிலேயே பழுது. சில மயக்க வாயுக்கள் பட்டால் அது திறந்தபடி நின்றுவிடும். தசைகள் ஓயாமல் இறுகி, ஆக்ஸிஜனை எரித்து, வெப்பத்தைக் கக்கும். காய்ச்சல் என்று வீட்டார் சொல்வது பெரும்பாலும் பிந்தி வரும் அறிகுறி. எங்களுக்கு முதலில் தெரிவது, நோயாளி வெளிவிடும் மூச்சில் கார்பன் டை ஆக்சைடு காரணமில்லாமல் ஏறிக்கொண்டே போவது. மாற்று மருந்து டான்ட்ரோலீன். அது வருவதற்கு முன் இதில் சிக்கியவர்களில் பெரும்பாலோர் பிழைக்கவில்லை.

முன்கூட்டித் தெரிந்தால் வேலை சுலபம். ஹாலோதேன், ஐசோஃப்ளூரேன், செவோஃப்ளூரேன் வகை வாயுக்களையும் தசையைத் தளர்த்தும் சக்ஸாமெத்தோனியம் ஊசியையும் தொடமாட்டோம். மெஷினில் தங்கியிருக்கும் பழைய வாயுவை ஆக்ஸிஜன் விட்டு வெளியேற்றி, புரோபோஃபால் என்ற மயக்க மருந்தை ரத்தக்குழாய் வழியாகவே ஓடவிட்டு ஆபரேஷனை முடித்துவிடலாம். பெரியப்பாவுக்கு வந்தது இதுதானா என்று நான் இங்கிருந்து சொல்ல முடியாது, கிருமித் தொற்றாகவும் இருந்திருக்கலாம். ஆனால் அவருக்கு இது இருந்திருந்தால் உங்கள் அப்பாவுக்கும், அவர் வழியாக உங்களுக்கும் இருக்க வாய்ப்புண்டு. 'எனக்குச் சின்ன வயதில் மயக்கம் கொடுத்தார்களே, ஒன்றும் ஆகவில்லையே' என்பதும் போதுமான ஆறுதல் இல்லை. முதல் தடவை தப்பித்து, மூன்றாவது தடவை மாட்டியவர்கள் உண்டு. வீட்டில் பழைய காகிதம் எது கிடைத்தாலும் கையோடு எடுத்துப் போங்கள்.

பெயர் என்ன, என்ன ஆபரேஷன், எந்தப் பக்கம் என்று ஒருவர் மாற்றி ஒருவர் கேட்டார்கள். ஃபைலைப் படிக்க மாட்டார்களா? — ஹெர்னியா ஆபரேஷன் செய்துகொண்ட வாசகர்

ஃபைலைப் படித்துவிட்டுத்தான் கேட்கிறார்கள், ஐயா. ஃபைலே மாறிப்போயிருந்தால்? அதைக் கண்டுபிடிக்க உங்கள் வாய் ஒன்றுதான் வழி. உலக சுகாதார நிறுவனம் 2008 இல் இந்தக் கேள்விகளை ஒரே தாளில் அடங்கும் பட்டியலாகக் கொடுத்தது. எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் அதைப் பயன்படுத்திப் பார்த்து 2009 இல் முடிவை வெளியிட்டார்கள். ஆபரேஷனுக்குப் பின் இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகவும், சிக்கல்கள் 11 இலிருந்து 7 சதவீதமாகவும் குறைந்திருந்தன. எந்த மருந்தும் கொடுக்காமல், வாயால் கேட்டே வந்த குறைவு. பட்டியலைப் படிக்காமலே எல்லாக் கட்டத்திலும் 'டிக்' போடுகிறவர்களும் இருக்கிறார்கள், அதனால் யாருக்கும் பயனில்லை. உங்களைச் சலிக்கச் சலிக்கக் கேட்டார்கள் என்றால் நல்ல இடத்தில்தான் படுத்திருக்கிறீர்கள்.

தியேட்டர் நர்ஸாகச் சேர்ந்து கொஞ்ச காலம்தான் ஆகிறது. ஒருநாள் முதுகு ஊசிக்கு மருந்து எடுக்கும்போது டாக்டர் கையில் இருந்தது வேறு ஆம்பூல் (மருந்துக் குப்பி) என்று எனக்குத் தோன்றியது. வாய் வரவில்லை. நல்லவேளை, அவரே பார்த்து மாற்றிவிட்டார். அன்று இரவு தூக்கம் பிடிக்கவில்லை. அடுத்த முறை எப்படிச் சொல்வது? — பெயர் வேண்டாம்

இந்த மாதம் வந்த கடிதங்களில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது உங்கள் கடிதம்தான்.

அந்த வேறு ஆம்பூல் எது என்று நீங்கள் எழுதவில்லை. ட்ரானெக்ஸாமிக் ஆசிட் என்று என் ஊகம். ரத்தப்போக்கை நிறுத்த ரத்தக்குழாயில் போடும் நல்ல மருந்து. முதுகில் போடும் புபிவகேனும் அதுவும் தண்ணீர் நிறத்தில், பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் தெரியாத கண்ணாடி ஆம்பூலில் வரலாம். தண்டுவட நீருக்குள் ட்ரானெக்ஸாமிக் போனால் வலிப்பு, இதயத் துடிப்புக் கோளாறு, உயிரே போகலாம். இப்படி மாறிப்போன சம்பவங்களால்தான் 2022 இல் உலக சுகாதார நிறுவனம் தனியாக எச்சரிக்கை விட்டது. 'கவனமாக இருங்கள்' என்று சுவரில் ஒட்டுவது இதற்கு மருந்தல்ல. முதுகு ஊசி டிரே இருக்கும் இடத்தில் அந்த ஆம்பூல் இருக்கவே கூடாது, வேறு அலமாரிக்குப் போக வேண்டும். நாளைக்கே நீங்கள் செய்யக்கூடிய காரியம் இது. யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம், தியேட்டர் பொறுப்பு சிஸ்டரிடம் ஒரு வார்த்தை போதும்.

சரி, எப்படிச் சொல்வது? முதலில் ஒரு கதை. 2005 இல் இங்கிலாந்தில் எலெய்ன் ப்ரோமிலி என்ற 37 வயதுப் பெண், சைனஸ் ஆபரேஷனுக்குப் போனார். மயக்கம் கொடுத்த பின் மூச்சுப் பாதை வசப்படவில்லை. டியூபும் போகவில்லை, ஆக்ஸிஜனும் போகவில்லை. அனுபவசாலி டாக்டர்கள் மூவர் இருந்தார்கள். மூவரும் டியூபைப் போட்டே தீர்வது என்று திரும்பத் திரும்ப முயன்றுகொண்டிருந்தார்கள். அந்த நிலையில் கழுத்தின் முன்பக்கம் துளைத்து வழி ஏற்படுத்த வேண்டும். ஒரு நர்ஸ் அதற்கான செட்டைக் கொண்டுவந்து, தயாராக இருக்கிறது என்று சொன்னார். யார் காதிலும் ஏறவில்லை. இன்னொருவர் ஐசியூ படுக்கைக்கு ஏற்பாடு செய்தார். மற்றவர்கள் பார்த்த பார்வையில், தான் மிகைப்படுத்துகிறோமோ என்று அதை ரத்து செய்துவிட்டார். எலெய்ன் பிழைக்கவில்லை. அவருடைய கணவர் மார்ட்டின் விமானி. யாரையும் தண்டிக்கச் சொல்லவில்லை. என்ன நடந்தது என்று விசாரிக்கச் சொன்னார். பிறகு மருத்துவத்தில் மனிதர்கள் தவறும் விதத்தை ஆராய 2007 இல் ஒரு குழுவையே தொடங்கினார்.

ஆக, அந்த அறையில் விஷயம் தெரிந்தவர்கள் இருந்தார்கள். சொல்லவும் செய்தார்கள். சொன்ன விதத்தில் வேகம் இல்லை, கேட்கும் நிலையில் பெரியவர்களும் இல்லை. ஒரே வேலையில் மூழ்கிவிட்ட மூளைக்கு மணி என்ன ஆயிற்று என்பதுகூடத் தெரியாது. இது திறமைக் குறைவு இல்லை, எனக்கும் உங்கள் டாக்டருக்கும் பொதுவான மூளை அமைப்பு.

அதனால் கேள்வியாகக் கேட்காதீர்கள். 'டாக்டர், அது சரியான மருந்துதானே?' என்றால் 'ஆமாம்மா' என்ற பதில் தானாக வந்துவிடும், அவர் ஆம்பூலைப் பார்க்கக்கூட மாட்டார். கண்ணில் பட்டதைப் பெயரோடு சொல்லுங்கள்: 'டாக்டர், நிறுத்துங்க. கையில இருக்கறது ட்ரானெக்ஸாமிக்.' அவ்வளவுதான். தப்பாக இருந்துவிட்டால் என்ன ஆகும்? ஐந்து விநாடி வீண், கொஞ்சம் முறைப்பு. முறைப்பைத் தாங்கிக்கொள்ளலாம். குரல் வரவில்லை என்றால் ஆம்பூல் மேல் கை வையுங்கள்.

என் தியேட்டரில் உடைத்த ஆம்பூலை நான் நர்ஸிடம் காட்டி, அவர் லேபிளை வாய்விட்டுப் படித்த பிறகே சிரிஞ்சில் எடுப்பேன். முதல் நாள் வரும் பெண்ணிடமும் அதே வழக்கம்தான். படிப்பது தினசரிப் பழக்கமாகிவிட்டால் 'நிறுத்துங்க' என்று சொல்லவும் வாய் வந்துவிடுகிறது. இதைக் கௌரவக் குறைவாக நினைக்கும் சீனியர்களுக்கு ஒரு எண் சொல்கிறேன். அமெரிக்காவில் ஜெஃப்ரி கூப்பர் என்ற பொறியாளர், மயக்கவியலில் தடுத்திருக்கக்கூடிய 359 சம்பவங்களைத் திரட்டி 1978 இல் வெளியிட்டார். அதில் 82 சதவீதம் மனிதத் தவறு. மெஷின் பழுது சொற்பம்.

அம்மாவுக்கு 78 வயது. இடுப்பு எலும்பு முறிவு. இதயத்தில் ஸ்டென்ட் இருக்கிறது, க்ளோபிடோக்ரெல் சாப்பிடுகிறார். சர்ஜன் 'முதுகில் ஊசி போட்டால் போதும்' என்கிறார். மயக்க டாக்டர் 'முழு மயக்கம்தான்' என்று பிடிவாதமாக இருக்கிறார். வயதானவர்களுக்கு முழு மயக்கம் ஆபத்து என்கிறார்களே? — ஒரு மகள்

உங்கள் அம்மா விஷயத்தில் நான் மயக்க டாக்டர் பக்கம். எங்கள் இனப்பாசம் என்று நினைக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

க்ளோபிடோக்ரெல் ரத்தம் உறைவதைத் தடுக்கிறது. அந்த நிலையில் முதுகில் ஊசி போட்டால் தண்டுவடத்தைச் சுற்றி ரத்தம் கசிந்து கட்டிக்கொள்ளலாம். அபூர்வம்தான், ஆனால் வந்தால் இரண்டு காலும் போகும். பத்திரமாக முதுகு ஊசி போட மாத்திரையை நிறுத்தி 5 முதல் 7 நாள் காத்திருக்க வேண்டும். இடுப்பு முறிந்த 78 வயதுக்காரரைப் படுக்கையில் ஒரு வாரம் போட்டால் நிமோனியா, படுக்கைப்புண், காலில் ரத்தக்கட்டி எல்லாம் வரிசையில் வந்து நிற்கும். ஒன்றிரண்டு நாளுக்குள் ஆபரேஷனை முடிப்பதே நல்லது. ஸ்டென்ட் வைத்தவருக்கு மாத்திரையை யாரோ சொன்னார்கள் என்று நிறுத்துவதும் தனி ஆபத்து.

முழு மயக்கம் வயதானவர்களுக்கு ஆகாது என்பது பரவலான நம்பிக்கை. 2021 இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் இடுப்பு முறிந்த 1,600 பேரை முழு மயக்கம், முதுகு ஊசி என்று இரண்டு வகையாகப் பிரித்துப் பார்த்த ஆய்வு வந்தது. 60 நாள் கழித்து இறப்பிலும் நடமாட்டத்திலும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. முறையைவிட, இரண்டில் எது கொடுத்தாலும் ரத்த அழுத்தத்தை விழாமல் பிடித்துவைப்பது முக்கியம்.

ஆபரேஷனுக்குப் பின் அம்மா இரண்டு நாள் குழம்பிப் பேசலாம், பயந்துவிடாதீர்கள். விழித்ததும் கண்ணாடியையும் காது மெஷினையும் கொடுத்துவிடுங்கள். தெரிந்த முகம் ஒன்று பக்கத்தில் இருக்கட்டும். குழப்பம் நீடித்தால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள், தொற்றோ உப்புக் குறைவோ காரணமாக இருக்கலாம்.

மயக்கத்துக்கு முன் முகத்தில் மாஸ்க்கை அழுத்தி, ஆழமாக மூச்சு இழுக்கச் சொன்னார்கள். மூச்சு முட்டியது. அது எதற்கு? — வாசகி

அதில் வந்தது வெறும் ஆக்ஸிஜன். உங்கள் நுரையீரலில் இருக்கும் நைட்ரஜனை வெளியேற்றி ஆக்ஸிஜனை நிரப்பிக்கொள்கிறோம். இதைச் செய்யாமல் மயக்கம் கொடுத்து மூச்சு நின்றால் ஒரு நிமிடம் சொச்சத்தில் ஆக்ஸிஜன் சரியத் தொடங்கும். நிரப்பியிருந்தால் ஆரோக்கியமானவருக்கு ஏழெட்டு நிமிடம்வரை தாங்கும். டியூப் போக மறுத்தால் வேறு வழி யோசிக்க எனக்குக் கிடைக்கும் நேரம் அதுதான். எடை கூடியவர்களுக்கும், கர்ப்பிணிகளுக்கும், குழந்தைகளுக்கும் அந்த நேரம் குறைவு. முட்டுவது போலிருந்தால் மாஸ்க்கை நீங்களே பிடித்துக்கொள்ளலாமா என்று கேளுங்கள், நான் பலருக்குக் கொடுப்பேன்.

நடுவில் விழித்துக்கொண்டால்? — அதே வாசகி

பிரிட்டனிலும் அயர்லாந்திலும் நடந்த பெரிய கணக்கெடுப்பில், 2014 இல் வெளியானது, சுமார் 19,000 முழு மயக்கங்களுக்கு ஒருவர் அப்படிச் சொன்னார். முதுகு ஊசியோடு லேசான தூக்க மருந்து கொடுக்கும்போது பேச்சுக்குரல் கேட்பது வேறு, அது எதிர்பார்த்ததே. முன்பு எப்போதாவது உங்களுக்கு நடுவில் விழிப்பு வந்திருந்தால் மறக்காமல் சொல்லுங்கள்.

நான்கு வயது மகனுக்கு டான்சில் ஆபரேஷன் திங்கட்கிழமை. வெள்ளியிலிருந்து சளி. சொன்னால் தள்ளிப்போடுவார்கள் என்று மாமியார் சொல்ல வேண்டாம் என்கிறார். — இளம் தாய்

சொல்லிவிடுங்கள். சளி பிடித்த குழந்தையின் குரல்வளை சின்னத் தூண்டுதலுக்கும் இறுக மூடிக்கொள்ளும், டியூபை எடுக்கும் நேரத்தில் இது எங்களைப் பாடாய்ப் படுத்தும். மூக்கில் தெளிந்த நீர் மட்டும், விளையாட்டும் சாப்பாடும் வழக்கம்போல என்றால் பெரும்பாலும் செய்துவிடலாம். காய்ச்சல், நெஞ்சுச் சளி இருமல், இழுப்பு, சோர்வு இருந்தால் சில வாரம் பொறுப்போம். இதைக் குழந்தையைப் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும். ஞாயிற்றுக்கிழமையே போன் செய்து கேளுங்கள், வீண் அலைச்சல் மிச்சம். வீட்டில் யாராவது அவன் பக்கத்தில் புகைப்பவராக இருந்தால் அதையும் சொல்லுங்கள், மாமனாராக இருந்தாலும்.

நகப்பூச்சை அழிக்கச் சொல்கிறார்கள். பல் செட்டைக் கழற்றவும் சொல்கிறார்கள். — திருமணத்துக்குப் பத்து நாள் முன் ஆபரேஷன் உள்ள வாசகியும் அவர் பாட்டியும்

விரலில் மாட்டும் கருவி, சிவப்பு ஒளியையும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியையும் செலுத்தி ஆக்ஸிஜனைக் கணக்கிடுகிறது. ஜப்பானியப் பொறியாளர் தக்குவோ அயோயாகி 1970களில் கண்டுபிடித்தது. அடர் நிறப் பூச்சு அந்த ஒளியைக் குழப்பலாம். ஒரு விரலில் மட்டும் அழித்தால்கூட எனக்குப் போதும், மற்ற ஒன்பதும் உங்கள் இஷ்டம். பாட்டி, நீங்கள் செட்டைக் கழற்றி, பெயர் எழுதிய டப்பாவில் போட்டுப் பேத்தியிடம் கொடுத்துவிடுங்கள். ஆடுகிற சொந்தப் பல் இருந்தால் எது என்று விரலால் தொட்டுக் காட்டுங்கள்.